இம்மாதப் பாடம்: டம்ளரை ஏன் எறிந்தான்?



நம்முடைய சபைகளில் சில குடும்பத்தார் முறை வைத்து ஆராதனைக்கு வருவதை நீங்கள் கவனித்திருக்கலாம். இந்த ஞாயிறு தகப்பனார் வந்தால் அடுத்த ஞாயிறு தாயார் வருவார். இருவரும் சேர்ந்து வருவதில்லை. வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. அதைத் தனியே விட முடியாது. ஆலயத்துக்குக் கூட்டிவரவும் துணிவில்லை. திடீரென்று கத்துவான், கடிப்பான், தலையைச் சுவரில் மோதிக்கொள்வான், கைக்குக் கிடைத்ததை எறிவான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "பிசாசின் கிரியை" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு பேச்சுக்கும் பயந்தே அந்தக் குடும்பம் ஒதுங்கிவிடுகிறது.

அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் காணப்படும் இத்தகைய நடத்தையை நாம் எப்படி விளங்கிக்கொள்வது, எப்படி உதவுவது என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

1. நடத்தையும் ஒரு பேச்சே

பேச்சு வராத பத்து வயதுப் பையன் ஒருவன் சில்வர் டம்ளரைத் தூக்கி எறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். தாயார் விருந்தினரோடு பேசிக்கொண்டிருக்கும்போது எறிந்தால், "என்னைப் பாருங்கள்" என்கிறான். கடினமான பாடத்தை முன்னே வைத்ததும் எறிந்தால், "இது என்னால் ஆகாது" என்கிறான். மிக்ஸி ஓடும்போது எறிந்தால், "இந்தச் சத்தம் தாங்கவில்லை" என்கிறான். பிடித்த தின்பண்டம் அலமாரியில் இருக்கையில் எறிந்தால், "அது வேண்டும்" என்கிறான்.

டம்ளர் ஒன்றுதான், செய்தி நான்கு. நான்குக்கும் ஒரே அடி கொடுத்தால் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. சில வேளை தண்டனையே எதிரிடையாக முடியும். பாடத்திலிருந்து தப்ப எறிந்தவனை "போய் அறையில் உட்கார்" என்று அனுப்பினால், அவன் கேட்டதையே கொடுத்துவிடுகிறோம். நாளைக்கும் எறிவான்.

2. முதலாவது சரீரத்தைப் பாருங்கள்

வேதத்தில் எலியா தீர்க்கதரிசி மனமுறிந்து, சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பிய சம்பவத்தை நாம் அறிவோம். அங்கே அவருக்கு முதலில் கிடைத்தது கண்டனமல்ல, உணவும் தண்ணீரும் உறக்கமும்தான். கேள்விகள் பிறகே வந்தன. இந்த ஒழுங்கை நாமும் பின்பற்றலாம்.

தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் அதை நடத்தையில் காட்டுவார். காதில் சீழ், பல்வலி, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், தூக்கமின்மை ஆகியவை பலமுறை மறைந்திருக்கும் காரணங்கள். அமைதியாக இருந்தவர் திடீரென்று மாறினால், குணம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். காது, பல், வயிறு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

3. இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் போடுங்கள். நடந்ததற்குச் சற்று முன் என்ன இருந்தது? பிள்ளை செய்தது என்ன? உடனே மற்றவர்கள் செய்தது என்ன? நேரத்தையும் இடத்தையும் குறியுங்கள். "முரண்டு பிடித்தான்" என்று எழுதவேண்டாம். "இடது கையைக் கடித்தான், இரண்டு நிமிடம்" என்று எழுதுங்கள். தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் மட்டும் வருகிறதா, பள்ளி வேன் தாமதமான நாளில் வருகிறதா என்பது தானாகவே தெரியவரும். மருத்துவரும் உளவியலாளரும் முதலில் கேட்பது இந்தக் குறிப்பையே.

4. வேறு வழியைக் கற்றுக்கொடுங்கள்

அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் 1985-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளின் தொல்லை தரும் நடத்தைக்கு என்ன காரணம் என்று முதலில் கண்டறிந்தார்கள். பாடம் கடினமாயிருந்ததால் அப்படிச் செய்த பிள்ளைக்கு, புரியவில்லை என்று சொல்லி உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கவனிப்புக்காகச் செய்த பிள்ளைக்கு, தன் வேலை நன்றாக இருக்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்டதும் பதில் கிடைத்தது, தொல்லையும் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத சொற்களைக் கற்பித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பேச்சு வராதவர் படத்தைக் காட்டலாம், கையால் சைகை செய்யலாம், ஒரு அட்டையை நீட்டலாம். "போதும்" என்னும் அட்டையை நீட்டினால் வேலையை உண்மையாகவே சற்று நிறுத்துங்கள். அட்டைக்கு மதிப்பில்லையானால் அவர் மறுபடி டம்ளரையே எடுப்பார். பழைய வழி இனிப் பலிக்காது என்று அறியும்போது சில நாட்கள் நடத்தை இன்னும் கடுமையாகலாம். பெற்றோர் தளரவேண்டாம், வீட்டார் எல்லாரும் ஒரே விதமாக நடந்துகொள்ளவேண்டும். நன்றாயிருக்கும் நேரத்தில் பாராட்டவும் மறக்கவேண்டாம். அமைதியாக இருக்கையில் ஒருவரும் பேசாமல், எறியும்போது மட்டும் எல்லாரும் ஓடிவந்தால், எறிவதுதான் அவருக்கு இலாபம்.

5. ஆத்திரம் பொங்கும் வேளையில்

அது புத்தி சொல்லும் வேளையல்ல. குரலைத் தாழ்த்துங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். சுற்றி நிற்பவர்களை அனுப்பிவிடுங்கள். உடைபடும் பொருட்களையும் கூர்மையானவற்றையும் அகற்றுங்கள். தலையை மோதிக்கொண்டால் இடையில் தலையணை வையுங்கள். காயம் உண்டாகும் அளவுக்குப் போகிறதென்றால் வீட்டாரே சமாளிக்கட்டும் என்று விடாமல், மனநல மருத்துவர், உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோரின் உதவியை நாடுங்கள்.

6. சங்கிலியும் மாத்திரையும்

2001 ஆகஸ்டு 6-ம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் வேறு வழி தெரியாத குடும்பத்தார். இது ஒரு மதத்தாரின் குற்றமல்ல. கட்டிவைத்துப் பார்க்கும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடைசெய்கிறது.

மாத்திரையும் சில வேளை கண்ணுக்குத் தெரியாத சங்கிலியாகிவிடும். 2008-ல் லான்செட் மருத்துவ இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. அறிவுசார் குறைபாட்டோடு ஆக்ரோஷமும் கொண்டிருந்த, ஆனால் மனநோய் இல்லாத 86 பெரியவர்களை மூன்று பிரிவாக்கி, இரு பிரிவினருக்கு மனநோய் மருந்துகளையும் ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் எல்லாருக்கும் ஆக்ரோஷம் குறைந்தது. அதிகமாகக் குறைந்தது வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கே. ஆகவே அடக்கிவைக்க மட்டும் மருந்து கேட்கவேண்டாம். ஆனால் வலிப்புக்கோ மனநோய்க்கோ மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

7. சபையார் செய்யக்கூடியது

1790-ல் இங்கிலாந்தின் யார்க் நகர மனநோய் விடுதியில் குவேக்கர் சபைப் பெண்மணி ஒருவர் இறந்தார். அவரைப் பார்க்கச் சென்ற சபையாருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அந்தத் துயரமே வில்லியம் டியூக் என்னும் தேயிலை வியாபாரியை எழுப்பியது. சபையார் கொடுத்த பணத்தால் 1796-ல் 'ரிட்ரீட்' என்னும் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே நோயாளிகள் தோட்ட வேலை செய்தார்கள், மேசையில் அமர்ந்து உண்டார்கள், மரியாதையோடு நடத்தப்பட்டார்கள். கட்டுவது முற்றிலும் ஒழியாவிட்டாலும் மிகவும் குறைந்தது. மருத்துவம் அறியாத சபையார் தொடங்கிய வேலை அது.

நம்மால் ஆவதும் உண்டு. வாசலுக்கு அருகில் ஒரு பெஞ்சை அந்தக் குடும்பத்துக்கென்று விடலாம். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கலாம். பிள்ளை கத்தினால் திரும்பிப் பாராமலிருக்கலாம். பழகிய இருவர் மாதம் ஒரு மாலை அவனோடு இருந்தால், பெற்றோர் இருவரும் சேர்ந்து ஒரு திருமணத்துக்காவது போய்வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனைப் பற்றி அவன் எதிரே பேசாமல், பெயர் சொல்லி அவனோடு பேசலாம். பதில் சொல்லத் தெரியாதவர்களில் பலர் கேட்டு விளங்கிக்கொள்ளுகிறார்கள்.

குழுவாகக் கலந்து பேச:

1. நமது சபையில் ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட அத்தகைய குடும்பம் உண்டா? கடைசியாக யார் அவர்களைச் சந்தித்தது?

2. நமது ஆலயத்தில் சத்தம், கூட்டம், நீண்ட நேரம் ஆகியவற்றில் எதை எளிதாக மாற்றலாம்?

3. மாதம் ஒரு மாலை கொடுக்க முன்வரும் இருவர் யார்?