முதற்பொறியைத் தேடி

நுழையும்முன்

வலிப்பு நோய் சாபமன்று, பேயின் வேலையுமன்று. அது மூளையின் மின்செயலில் ஏற்படும் குறைபாடு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு மூளையின் எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை மருத்துவ அறிவியல் கண்டறியும் வகையினை இப்பாடம் விளக்குகிறது.

சரவெடியும் வலிப்பும்

சிவகாசிச் சரவெடியில் நூற்றுக்கணக்கான வெடிகள் ஒரே திரியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு முனையில் பற்றும் பொறி நொடிப்பொழுதில் சரம் முழுவதும் பரவும். வெடித்து முடிந்தபின் சிதறிய காகிதங்களைக் கண்டு, தீ எம்முனையில் பற்றியது என்று கூறல் அரிது. வலிப்பும் இத்தகையதே. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை நுண்ணிய மின்குறிப்புகளால் தம்முள் தொடர்பு கொள்கின்றன. ஓரிடத்து நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரேநேரத்தில் மின்குறிப்புகளை எழுப்பும்போது வலிப்பு தோன்றுகிறது. அது மூளை முழுவதும் பரவினால் நினைவு தப்பி, கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. காண்போர் கண்ணுக்குப் புலப்படுவது பரவிய வலிப்பே, தொடங்கிய இடமன்று.

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களே பலருக்கு வாழ்வளிக்கின்றன. வெடிமருந்தின் அருகிலோ, ஓடும் எந்திரத்தின் முன்னோ அரை நிமிடம் நினைவிழப்பது உயிருக்கே தீங்காகும். ஆகவே, வலிப்பினை முற்றிலும் கட்டுப்படுத்துவது இங்கு வாழ்வாதாரத்தோடும் தொடர்புடையது.

மருந்து தோற்குமிடம்

உரிய மருந்தைத் தவறாது உட்கொண்டால் பெரும்பாலோர்க்கு வலிப்பு நிற்கும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது கட்டுப்படுவதில்லை. தக்கவாறு தேர்ந்து அளித்த இரண்டு மருந்துகளும் பயன்தராத நிலையையே 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' என்பர். அந்நிலையில் மருந்துகளை மாற்றிக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்பதினும், வலிப்பின் பிறப்பிடத்தை ஆராய்வதே நன்று. அவ்விடம் அகற்றத்தக்கதாயின் அறுவை மருத்துவம் பயனளிக்கக்கூடும்.

பல சான்றுகள்

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அவர் வகுத்த வழியே இன்றைய இ.இ.ஜி. பரிசோதனை. நோயாளியை மருத்துவமனையில் தங்கவைத்து, இ.இ.ஜி.யையும் காணொளியையும் ஒருங்கே பதிவு செய்வர். வலிப்பின் முதல் அசைவும் முதல் மின்னலையும் அதில் ஒப்பிடப்படுகின்றன.

எம்.ஆர்.ஐ. படம் மூளையின் அமைப்பைக் காட்டுகிறது. பழைய தழும்பு, சிறு கட்டி, நினைவாற்றலுக்குத் துணைசெய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் சுருக்கம் ஆகியவை அதில் தெரியவரும். அப்படத்தில் குறையேதும் தெரியாதபோது பெட் பரிசோதனை துணைபுரிகிறது. வலிப்பில்லாத வேளையில், அதன் பிறப்பிடம் குளுக்கோஸைக் குறைவாகவே ஏற்கும். படத்தில் அவ்விடம் மங்கலாகத் தோன்றும். வலிப்பின்போதோ அங்குக் குருதியோட்டம் மிகும். வலிப்பு தொடங்கியவுடன் கதிரியக்க மருந்தை ஊசிவழிச் செலுத்தி, அம்மிகுதியைப் பின்னர்ப் படம்பிடிப்பது ஸ்பெக்ட் முறை. அதற்கெனச் செவிலியர் ஊசியுடன் நோயாளியின் அருகிலேயே காத்திருப்பர். பேச்சு, கையசைவு ஆகியவற்றுக்குரிய பகுதிகளைச் செயல்முறை எம்.ஆர்.ஐ. அடையாளம் காட்டுகிறது.

இவற்றுள் எந்தவொரு படமும் தனித்து முடிவு கூறுவதில்லை. எம்.ஆர்.ஐ. இடப்புறம் தழும்பைக் காட்ட, வலிப்பு வலப்புறம் தொடங்குமாயின், அத்தழும்பை அகற்றுவதால் பயன் விளையாது. சான்றுகள் ஓரிடத்தைச் சுட்டவேண்டும். அவ்விடத்தை அகற்றினால் பேச்சும் நினைவும் கெடா என்பதும் உறுதிப்படவேண்டும். ஐயம் நீங்காதபோது மெல்லிய மின்முனைகளை மூளைக்குள்ளேயே பொருத்தி ஆராய்வதுண்டு.

வேலூரில் தொடங்கிய வழி

கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952ஆம் ஆண்டில் அங்கு வலிப்புக்கான அறுவை மருத்துவம் நடைபெற்றது. எம்.ஆர்.ஐ. இல்லாத காலம் அது. 1995ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், மருத்துவர் இராதாகிருஷ்ணன் தலைமையில் வலிப்பு அறுவை மருத்துவத்தைத் தொடர்பணியாக வளர்த்தெடுத்தது. விருதுநகரிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் அடையக்கூடிய இடம் அது.

கனடாவில் பொட்டுமடல் வலிப்புடைய 80 பேரிடம் நடத்திய ஆய்வு 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், அறுவைக்கெனத் தேர்ந்தோருள் 58 விழுக்காட்டினரும், மருந்தை மட்டும் உட்கொண்டோருள் 8 விழுக்காட்டினரும் நினைவிழக்கச் செய்யும் வலிப்பின்றி இருந்தனர். அறுவை அனைவர்க்கும் உரியதன்று. உரியவர்க்கு அது காலந்தாழ்ந்து கிடைத்தலும் ஆகாது.

தெரிந்து தெளிவோம்

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலுள்ள தீயையும் கூரிய பொருள்களையும் அகற்றவேண்டும். வாயில் எதனையும் இடலாகாது; கைகால்களை அழுத்திப் பிடித்தலும் கூடாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே 108 ஊர்தியை அழைக்கவேண்டும்.

அறியாமையும் நோயே

இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்திற்குத் தடையாகக் குறிக்கப்பட்டிருந்த வலிப்பு நோய், 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. சட்டம் விலக்கிய தடையைச் சமூகம் இன்னும் முழுமையாக விலக்கவில்லை. அதற்கு அஞ்சி நோயை மறைக்கும் குடும்பம், மருத்துவத்தையும் தள்ளிப்போடுகிறது. மூளைக்குள் மறைந்துள்ள பொறியைக் கருவிகள் காட்டும். வீட்டுக்குள் மறைக்கப்படும் நோயாளியை அவற்றால் காட்ட இயலாது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அறிந்தோர் கடமை.

கற்பவை கற்றபின்

வலிப்பு நோய் குறித்து உங்கள் ஊரில் நிலவும் நம்பிக்கைகளைத் தொகுத்து, அவற்றை அறிவியல் உண்மைகளோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.