போட்டோவுக்குள் இருக்கும் கலர் புரொபைல்: படத்தின் நிறத்தை மாற்றுமா?

ஒரே போட்டோ, உங்கள் கம்ப்யூட்டரில் பளிச்சென்று தெரிகிறது. அதையே சிடியிலோ பென் டிரைவிலோ போட்டு ஸ்டூடியோவில் கொடுத்து பிரிண்ட் எடுத்தால் மங்கலாக வருகிறது. கேமரா சரியில்லையா, பிரிண்டர் சரியில்லையா என்று குழம்புகிறோம். சில சமயம் இரண்டிலும் தவறு இருக்காது. போட்டோ பைலுக்குள் இருக்கும் கலர் புரொபைல் என்ற சிறு குறிப்பை ஒரு மென்பொருள் படித்திருக்கும், இன்னொன்று படித்திருக்காது.

கலர் புரொபைல் என்றால் என்ன?

டிஜிட்டல் போட்டோவில் உண்மையில் நிறம் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. ஜேபெக் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படியின் அளவு மாறும். 4 படி அரிசி என்று சொன்னால், எந்த ஊர்ப் படி என்று தெரிந்தால்தான் அரிசி எவ்வளவு என்பது தெரியும். நிறமும் அப்படித்தான். சிவப்பு 255 என்றால் எந்த அளவுகோலில் 255 என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் கலர் புரொபைல். இதற்கான பொது விதிகளை, 1993-ல் அடோபி, ஆப்பிள், மைக்ரோசாப்ட், கோடக் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐ.சி.சி. என்ற அமைப்பு வகுத்தது.

வீட்டு உபயோகத்தில் நீங்கள் சந்திக்கக்கூடியவை மூன்று:

1. எஸ்ஆர்ஜிபி: 1996-ல் ஹெச்.பி.யும் மைக்ரோசாப்டும் முன்வைத்தது. 1999-ல் சர்வதேசத் தரமானது. பெரும்பாலான மானிட்டர்களும் இணையதளங்களும் இதையே எதிர்பார்க்கின்றன.

2. அடோபி ஆர்ஜிபி: 1998-ல் வந்தது. முக்கியமாகப் பச்சைப் பகுதியில் கூடுதல் நிறங்களைக் கொண்டது. எஸ்எல்ஆர் வகை கேமராக்களின் மெனுவில் இருக்கும்.

3. டிஸ்ப்ளே பி3: 2016-ல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன் படங்களில் இருப்பது.

நெய்வேலியில் ஓர் உதாரணம்

நெய்வேலி சுரங்கத்தைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே செம்மண் நிற மண் அடுக்கு, அடியில் லிக்னைட், தூரத்தில் டவுன்ஷிப்பின் மரங்கள். லிக்னைட்டின் தமிழ்ப் பெயரே பழுப்பு நிலக்கரி. படத்தில் அந்தப் பழுப்பு தெரிந்தால்தான் அது லிக்னைட்.

இந்தப் படத்தை அடோபி ஆர்ஜிபியில் எடுத்து, புரொபைலைப் படிக்காத ஒரு மென்பொருளில் திறந்தால் என்ன ஆகும்? அது எண்களை எஸ்ஆர்ஜிபி என்றே நினைத்துக்கொள்ளும். எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்று எழுதப்படும் சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் சுமார் 219, 0, 0 என்று எழுதப்படும். அந்த 219-ஐ எஸ்ஆர்ஜிபி அளவில் காட்டினால் சிவப்பு குறைந்துவிடும். செம்மண் வெளிறும், பழுப்பு சாம்பல் பக்கம் போகும், இலைகள் வாடியது போல் தெரியும். பைலில் ஓர் எண் கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். படித்த விதம்தான் மாறியது.

ஆக, விடை இதுதான்: புரொபைல் போட்டோவை மாற்றுவதில்லை, அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிறது. எஸ்ஆர்ஜிபி படமாக இருந்தால், குறிப்பு இல்லாவிட்டாலும் சாதாரண மானிட்டரில் பெரிய வித்தியாசம் வராது. மற்ற இரண்டுக்கும் குறிப்பு அவசியம்.

உங்கள் படத்தில் எது இருக்கிறது?

விண்டோஸில் போட்டோ மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்வு செய்யுங்கள். டீடெய்ல்ஸ் டேபில் கலர் ரெப்ரசென்டேஷன் என்ற வரியைப் பாருங்கள். எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் கவலை இல்லை. அன்காலிப்ரேட்டட் என்று இருந்தால், அது பெரும்பாலும் அடோபி ஆர்ஜிபி அல்லது டிஸ்ப்ளே பி3 படம்.

ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும் முன்

அப்பாவின் பணி ஓய்வு விழாப் படத்தை பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்றால், அந்த நாளைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே முதலில் பைலை வேறு பெயரில் காப்பி செய்துகொள்ளுங்கள். பிறகு இலவச மென்பொருளான ஜிம்பில் அந்தக் காப்பியைத் திறக்கவும். புரொபைல் பற்றிக் கேட்டால் கீப் கொடுக்கவும்.

இமேஜ் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் என்பதில் இரண்டு கட்டளைகள் இருக்கும். பெயர் ஒன்றுபோல் தோன்றினாலும் வேலை வேறு.

* கன்வெர்ட் டு கலர் புரொபைல்: எண்களை மாற்றி, தோற்றத்தைக் காப்பாற்றும்.
* அஸைன் கலர் புரொபைல்: எண்களை அப்படியே விட்டு, குறிப்பை மட்டும் மாற்றும். தோற்றம் மாறிவிடும்.

உங்களுக்கு வேண்டியது முதலாவது. கன்வெர்ட்டில் எஸ்ஆர்ஜிபியைத் தேர்வு செய்து, ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது சேவ் கலர் புரொபைல் என்பதில் டிக் செய்யுங்கள். இதனால் பைல் சில கேபி மட்டுமே கூடும். அஸைன் செய்து மூலப் பைலின் மேலேயே சேவ் செய்துவிட்டால், அது எந்த அளவுகோலில் எடுத்த படம் என்ற தகவல் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை

உங்கள் மானிட்டர் நீலமாகவோ மஞ்சளாகவோ காட்டினால், எந்தப் போட்டோ புரொபைலும் அதைச் சரிசெய்யாது. முதலில் மானிட்டரின் கலர், பிரைட்னஸ் அளவுகளைப் பாருங்கள். நிறைய படங்கள் பிரிண்ட் போட வேண்டியிருந்தால், ஒரே ஒரு படத்தை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள். கேமரா மெனுவில் கலர் ஸ்பேஸ் என்பதை எஸ்ஆர்ஜிபி என வைத்துவிட்டால், அந்தக் கேமராவில் எடுக்கும் படங்களுக்கு இந்தக் கன்வெர்ட் வேலையே தேவைப்படாது.