அலுமினியம் உருக்கும் முன்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியிருந்து ஊர் திரும்பும் குடும்பங்களே, வளவைத் துப்புரவாக்கும்போது பழைய அலுமினியத் துண்டுகள் அகப்படலாம். மோட்டார் எறிகணைகளின் சில பாகங்களும் அலுமினியக் கலப்புலோகத்தாலானவை. ஆகவே இன்னதெனத் தெரியாத பொருளைத் தொடாதீர்கள், பொறுக்கி விற்காதீர்கள், உருக்காதீர்கள். 119க்கு அறிவியுங்கள்.

சட்டி, பானை வார்க்கும் பட்டறையில் வேலை செய்வோர் கவனத்திற்கு: அலுமினியம் ஏறத்தாழ 660 பாகை செல்சியசில் உருகும். அதில் ஈரம் பட்டால் நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தைச் சிதறடிக்கும். துண்டுகள், அச்சு, அகப்பை யாவும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். உருகிய உலோகத்தில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சுட்டுவிட்டால், காயத்தை 20 நிமிடம் ஓடும் குழாய்நீரில் பிடியுங்கள். தோலில் ஒட்டிய உலோகத்தைப் பிய்க்காதீர்கள். பற்பசையோ எண்ணெயோ பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.