கீமோ, ரேடியேஷன் நேரத்தில் வாய் புண்ணாகிப்போனால்

கீமோ ஏற்றிய 5 முதல் 10 நாட்களுக்குள் பலருக்கு வாயெல்லாம் வெந்துபோகும். வாயிலோ தொண்டையிலோ கரண்ட் (ரேடியேஷன்) வைப்பவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் வாரத்தில் எரிச்சல் தொடங்கும். கேன்சரையே தாங்குகிறோம், புண்ணைத் தாங்க மாட்டோமா என்று நோயாளி சொல்லாமலே இருந்துவிடுவார். சாப்பாடு குறையும், எடை இறங்கும், சிகிச்சையையே நிறுத்திவைக்க நேரும். அதனால் தினமும் ஒருமுறை டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள்.

1. ரேடியேஷன் ஆரம்பிக்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எடுக்கவேண்டிய சொத்தைப் பல்லை இரண்டு வாரம் முன்னதாக எடுத்தால்தான் புண் ஆறும். கரண்ட் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் அழுகக்கூடும். இந்த ஆபத்து வருடங்கள் போனாலும் போகாது. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் ரேடியேஷன் எடுத்ததை முதலில் சொல்ல வேண்டும்.

2. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடா. இதைத் தினமும் காலையில் புதிதாகக் கலந்து வையுங்கள். இரண்டு மூன்று மணிக்கொரு முறையும், சாப்பிட்டபின்னும், படுக்கும் முன்னும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். புண் வரும் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. சலவைச் சோடா, பேக்கிங் பவுடர் இரண்டும் இதற்கு ஆகாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் வேண்டாம். எரியும், வாயை உலர்த்தும்.

3. குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துத் தேய்க்கலாம். அதுவும் வலித்தால் சுத்தமான காஸ் துணியை விரலில் சுற்றித் துடைக்கலாம். வேப்பங்குச்சியும் பல்பொடியும் இப்போதைக்கு ஒதுங்கட்டும்.

4. 5-ஃப்ளோரோயூராசில் மருந்தை ஊசியாக ஒரேயடியாக ஏற்றும்போது, ஐந்து நிமிடம் முன்பிருந்து அரைமணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கினால் புண் குறைகிறது. குளிர்ச்சியில் ரத்தக்குழாய்கள் சுருங்கி, வாய்த் தோலுக்கு மருந்து குறைவாகப் போவதே காரணம். ஆனால் கூடவே ஆக்ஸாலிபிளாட்டின் ஏறினால் ஐஸ் கூடாது. அந்த மருந்து ஏறியவருக்குக் குளிர்ச்சி பட்டாலே தொண்டை இறுகும். நர்ஸிடம் மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

5. சாப்பாட்டில்தான் வீட்டிலிருப்பவர்கள் பெரிய உதவி செய்ய முடியும். மிளகாய், புளி, எலுமிச்சை, தக்காளி, ஊறுகாய் எல்லாம் கொஞ்சநாள் போகட்டும். முறுக்கு, முறுகல் தோசை கீறிவிடும். குழைந்த பருப்புச் சாதத்தில் நெய், தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், பாலில் கரைத்த இட்லி, ராகிக் கஞ்சி, நன்றாக வேகவைத்து மசித்த முட்டை, புளிக்காத தயிர் எல்லாம் இறங்கும். சூடு ஆறியபின் கொடுங்கள். வெறும் கஞ்சித் தண்ணீரில் மட்டும் நாளைக் கடத்தாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்.

6. மணத்தக்காளிக் கீரையைப் பருப்போடு காரமில்லாமல் மசித்துக் கொடுக்கலாம், உணவாக. மருந்துக்குப் பதிலாக அல்ல. கிராம்புத் தைலம், படிகாரம் புண்மேல் படவே கூடாது. வாய்க்கு ருசியில்லை என்று வெற்றிலைபாக்கு கேட்டாலும் மறுத்துவிடுங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

7. வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். சாப்பிடும் முன் தடவி மரத்துப்போகச் செய்யும் லிக்னோகேய்ன் ஜெல் முதல் மார்ஃபின் வரை டாக்டரிடம் வழியிருக்கிறது. ஜெல் போட்டதும் வாய் மரத்திருக்கும். நிதானமாக மென்று விழுங்க வேண்டும். மார்ஃபின் என்றதும் பயப்பட வேண்டாம்; புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுப்பது போதைப் பழக்கம் ஆகாது. அதைப் பெறுவதை எளிதாக்கத்தான் 2014-ல் இந்தியச் சட்டமே திருத்தப்பட்டது. ஆஸ்பிரின், புரூஃபென் மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரத்தம் கசியும்.

8. நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைத் திட்டு இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சுரண்டாதீர்கள். டாக்டர் தரும் பூஞ்சை மருந்துக்கு அடங்கும். பல்செட் போடுபவர்கள் இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும்.

9. எச்சில் வற்றினால் தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ரேடியேஷனில் தாடையும் இறுகும். நோயாளியின் மூன்று விரல்கள் நெட்டாக அவர் வாய்க்குள் நுழைகின்றனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். நுழையாவிட்டால் வாய் திறக்கும் பயிற்சியை உடனே கேளுங்கள்; தள்ளிப்போட்டால் திரும்ப விரிவது கடினம்.

10. தெர்மாமீட்டர் வீட்டில் அவசியம். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கும் முன் காய்ச்சல் பாருங்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். கீமோ ஏற்றியவருக்கு 100.4 டிகிரி தொட்டாலோ, வாயில் ரத்தம் நிற்காவிட்டாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, நடுராத்திரியானாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கையில் கீமோ சீட்டும் மருந்துப் பட்டியலும் இருக்கட்டும்.