வாளும் வண்மையும்

ஆற்றல் பலரிடத்தும் உண்டு. அது வெளிப்படுதற்குரிய வாய்ப்போ சிலர்க்கே கிட்டுகின்றது. வாய்ப்பற்றோர்க்கு அதனை உண்டாக்கித் தருவது சான்றோர்தம் வண்மையாகும். இவ்வுண்மையை அமெரிக்க நாட்டு வாள்வீச்சு வரலாற்றிற் காணலாம்.

வாள்வீச்சு மேலைநாடுகளில் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வரும் கலை. ஏதென்ஸ் நகரில் 1896-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவிலேயே அது போட்டியாக இடம்பெற்றது. ஆயினும், அது பொருட்செலவு மிக்கது. வாளும் முகக்கவசமும் காப்புடையும் வேண்டும். வாள் பட்டதை மின்விளக்கால் அறிவிக்கும் கருவியும் வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பயிற்சி அளித்தல் வேண்டும். போட்டிகளுக்காகத் தொலைவிடங்களுக்குச் செல்லுதலும் வேண்டும். ஆதலின், அக்கலை பெரும்பாலும் செல்வர்தம் பிள்ளைகட்கே உரியதாயிற்று.

பீட்டர் வெஸ்ட்புரூக் என்பார் நியூவார்க் நகரில் வறுமையில் வளர்ந்தவர். அவர்தம் தந்தையார் கறுப்பினத்தைச் சார்ந்த அமெரிக்கப் படைவீரர். தாயார் ஜப்பானியப் பெண்மணி. தந்தையார் குடும்பத்தை விட்டு நீங்கவே, தாயாரே மைந்தரைப் பேணினார். தெருவில் திரிந்து தீநெறியில் மைந்தர் செல்வரோ என அவர் அஞ்சினார்; வாள்வீச்சுக் கற்கச் சென்றால் 5 டாலர் தருவதாகக் கூறி அவரை அனுப்பிவைத்தார். அத்தாய் அளித்த சிறுதொகையே அவர் பெற்ற முதற்கொடை எனலாம். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகம் உதவித்தொகை நல்கியது. வெஸ்ட்புரூக் 13 முறை தம் நாட்டு வாகை சூடினார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

பெற்ற உதவியை அவர் மறந்திலர். 1991-இல் தம் பெயரால் ஓர் அறநிலையத்தை நிறுவினார். நியூயார்க் நகரின் பழைய வாள்வீச்சுக் கழகம் ஒன்றில், சனிக்கிழமைதோறும் எளிய குடும்பத்துச் சிறுவர் சிறுமியர் திரண்டனர். அவர்தம் பயிற்சிக்கும் கருவிகட்கும் பயணத்திற்கும் ஆன செலவைத் தனிமனிதரும் வணிக நிறுவனத்தாரும் ஈந்த நன்கொடை தாங்கியது. வாட்பயிற்சியோடு பள்ளிப் பாடங்களும் அங்கே கற்பிக்கப்பட்டன.

நன்கொடை ஈந்தோர், இச்சிறுவருள் யார் வெல்வார் என அறிந்து ஈந்தாரல்லர். ஆயினும் அவர் இட்ட வித்து முளைத்தது. அங்குப் பயின்ற கீத் ஸ்மார்ட் 2003-இல் சேபர் என்னும் வாட்பிரிவில் உலகத் தரவரிசையின் முதலிடத்தை எய்தினார். அவரும் அவர்தம் தங்கை எரினும் 2008-இல் பெய்ஜிங்கில் தத்தம் அணியோடு வெள்ளிப் பதக்கம் பெற்றனர். டேரில் ஹோமர் என்பார் இளமையில் நூலொன்றில் வாள்வீச்சைப் பற்றி அறிந்து, அதனைக் கற்க வேண்டுமெனத் தாயாரிடம் இடைவிடாது வேண்டியவர். 2016-இல் ரியோ நகரில் வெள்ளி வென்றார். லாரன் ஸ்கரக்ஸ் 2024-இல் பாரிஸ் நகரில் ஃபாயில் பிரிவின் தனிப்போட்டியில் வெள்ளியும், அணிப்போட்டியில் பொன்னும் கொண்டார். ஒருகாலத்தில் ஒலிம்பிக் பதக்கம் அரிதாயிருந்த அமெரிக்க வாள்வீச்சு இவ்வாறு வளம் பெற்றது.

பயின்றோர் அனைவரும் பதக்கம் பெற்றிலர். எனினும் ஈந்த பொருள் வீணாயிற்று என்னலாகாது. பலர் கல்லூரி புகுந்து கல்வியிற் சிறந்தனர். தேர்ந்த வீரர் சிலர் மீண்டு வந்து, தாம் நின்ற அவ்விடத்திலேயே இளையோர்க்கு ஆசிரியராய் நின்றனர். பெற்றவர் ஈபவராதலே கொடையின் முழுப்பயன் அன்றோ?

வெஸ்ட்புரூக் 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மறைந்தார். வென்றபின் மாலை சூட்டுவோர் உலகிற் பலர். வெல்லுமுன் கைகொடுப்போர் சிலரே. அச்சிலராலேயே ஒரு கலை நாட்டில் வேரூன்றி வளர்கின்றது. நம் தமிழ்ச் சான்றோர் ஒப்புரவு என்று போற்றியதும் இப்பண்பையே ஆகும்.