முடியாட்சி முடிவுற்ற நாள் எது?

உலக நாடுகள் எந்தெந்த ஆண்டில் முடியாட்சியைக் கைவிட்டன என்னும் பட்டியலைப் போட்டித் தேர்வு எழுதுவோர் மனப்பாடம் செய்வது வழக்கம். போர்த்துகல் 1910, சீனா 1912, ரஷ்யா 1917, ஜெர்மனி 1918 என்று செல்லும் அப்பட்டியலில் இந்தியாவுக்கு நேரே 1950 என்றிருக்கும். ஆயினும், ஆட்சியதிகாரம், பட்டம், மானியம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஓர் அரசரை விட்டு நீங்குவது அரிது. சீனத்தின் கடைசிப் பேரரசர் பூயி 1912 பிப்ரவரி 12 அன்று முடி துறந்தார். எனினும் பட்டத்துடன் 1924 வரை பீகிங் அரண்மனையிலேயே வாழ்ந்தார். துருக்கியில் சுல்தான் பதவி 1922-லும், கலீபா பதவி 1924-லும் ஒழிந்தன. குடியரசுப் பிரகடனம் இவ்விரண்டுக்கும் இடையே 1923-ல் வந்தது.

இந்தியாவில் இச்சிக்கல் இன்னும் பெரிது. தில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள முனிர்காவை எடுத்துக்கொள்வோம். இன்று மாணவர் பலர் அறையெடுத்துத் தங்கும் இப்பழைய கிராமம், தில்லி 1912-ல் தலைமை ஆணையரின் கீழ்த் தனி மாகாணமானது முதல் பிரிட்டிஷ் அரசரின் நேர் ஆட்சியில் இருந்தது. ஆகவே முனிர்கா உழவருக்கு 1947 ஆகஸ்டு 15-க்குப் பின்னும் சட்டப்படி ஓர் அரசர் இருந்தார். ‘இந்தியச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டத்தை ஆறாம் ஜார்ஜ் 1948 ஜூன் 22 அன்று விட்டொழித்தார். ஆனால் டொமினியன் இந்தியாவின் அரசராக நீடித்தார். அவருடைய பிரதிநிதியாகக் கவர்னர் ஜெனரல் பதவியில் இருந்தவர் இராஜாஜி. 1950 ஜனவரி 26 அன்று குடியரசுப் பிரகடனத்தைப் படித்து அப்பதவிக்கு முடிவு கூறியவரும் அவரே. காமன்வெல்த்தில் நீடித்துக்கொண்டே குடியரசாகலாம் என்பதற்கு 1949 ஏப்ரலில் லண்டனில் ஏற்பட்ட உடன்பாடு வழிவகுத்தது. பாகிஸ்தான் 1956 வரையிலும், இலங்கை 1972 வரையிலும் பிரிட்டிஷ் முடியின் கீழேயே இருந்தன.

புதுக்கோட்டைக் குடிமகனின் கணக்கு வேறு. அவருக்கு இரண்டு அரசர்கள். மேலாதிக்கம் 1947-ல் காலாவதியானபோது, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் சட்ட நோக்கில் தனித்து விடப்பட்டன. பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துச் செய்தித் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் ஒப்படைக்கும் இணைப்பு ஆவணம் முதற்படி; ஆட்சியையே ஒப்படைக்கும் இணைப்பு அடுத்த படி. இராஜகோபாலத் தொண்டைமானின் சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. தனி மாவட்டமாக அது மீண்டது 1974-ல்.

நாகர்கோவிலில் இருந்தவர் இன்னும் காத்திருந்தார். திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1 அன்று ஒன்றானபோது திருவிதாங்கூர் மகாராஜாவே ‘ராஜப்பிரமுகர்’ ஆனார். குடியரசு மலர்ந்த பின்னும் ஒரு மாநிலத்தின் தலைவராக மன்னர் ஒருவர் வீற்றிருந்தார் என்பதை மாணவர் பலரும் கவனிப்பதில்லை. ராஜப்பிரமுகர் பதவி ஒழிந்த 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது.

அதிகாரமும் பதவியும் போயின, மானியம் எஞ்சியது. ஆட்சியை ஒப்படைத்த மன்னர்களுக்கு வரிவிலக்குடன் மானியம் வழங்குவதை அரசியல் சட்டத்தின் 291-ஆம் விதியும், அவர்தம் தனிச் சலுகைகளை 362-ஆம் விதியும் உறுதி செய்தன. மைசூருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். மிகச் சிறிய மானியமோ கடோடியாவுக்கு 192 ரூபாய்! போரின்றி நாட்டை ஒன்றாக்கியதற்கு இது சிறிய விலையே என்று சர்தார் பட்டேல் 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் வாதிட்டார். அன்றைய நிலையில் அவ்வாதத்தை மறுப்பது கடினம். ஆனால் பிறப்பினால் வரும் சலுகையைச் சமத்துவத்தை அடிப்படையாகக் கொண்ட குடியரசு எத்தனை தலைமுறைக்குப் பொறுக்கும்? கொடுத்த வாக்குறுதியும் சமத்துவக் கொள்கையும் நேருக்கு நேர் மோதின.

மானிய ஒழிப்பு மசோதா 1970 செப்டம்பரில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரு பங்குக்கு ஒரு வாக்கு கூட முழுமையாகக் குறையவில்லை. எனினும் மசோதா வீழ்ந்தது. மறுநாளே மன்னர்களுக்கு அளித்த அங்கீகாரத்தைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி ஆணை வழியாக நீக்கினார். அவ்வாணை செல்லாதென உச்ச நீதிமன்றம் 1970 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. பொதுத்தேர்தல் குறுக்கிட்டது. புதிய நாடாளுமன்றம் 26-ஆவது திருத்தத்தை இயற்ற, அது 1971 டிசம்பர் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. 291, 362 ஆகிய விதிகள் நீக்கப்பட்டன. நிர்வாக ஆணையால் இயலாததை அரசியல் சட்டத் திருத்தம் செய்து முடித்தது. ஆட்சித்துறையில் பணிபுரிவோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது. திருத்தம் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 1993-ல் உறுதி செய்தது.

புதுக்கோட்டை மன்னரின் அரண்மனையில் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்கி வருகிறது.