‘கொய்ங்...’ சத்தமும் சங்கீதமே!



நம்ம ஆண்டு விழாவில் மைக் ‘கொய்ங்ங்...’ என்று அலறியதும் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். மைக்செட்காரர் ஓடிவந்து வால்யூமைக் குறைத்தார். ஆனால் அந்தச் சத்தத்தை வேண்டுமென்றே வரவழைத்து, பாட்டில் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

பரிசோதனை ராக் என்றால் என்ன?

கிடார், டிரம்ஸ், பாட்டு. இது ராக். ‘என்ன வாசிக்கலாம்?’ என்பதோடு நிற்காமல், ‘சத்தத்தையே எப்படிப் புதுசாக உண்டாக்கலாம்?’ என்று கேட்டால் அது பரிசோதனை ராக். 1960-களின் நடுவில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது சூடுபிடித்தது. ஆம்ப்ளிஃபயரும் டேப் ரெக்கார்டருமே வாத்தியங்களாக மாறின.

ஃபீட்பேக்

மைக் ஏன் அலறுகிறது? ஸ்பீக்கரில் வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போகிறது. பெருகி மறுபடி வெளியே வருகிறது. இந்தச் சுற்றின் கெயின் ஒன்றுக்குக் குறையாமல், ஃபேஸும் ஒத்துப்போனால் ஆசிலேஷன் தொடங்கிவிடும். நாம் பரீட்சைக்கு உருப்போடும் பார்க்ஹாசன் விதி இதுதான்! எலக்ட்ரிக் கிடாரில் ஸ்பீக்கர் ஒலி கம்பியை அதிரவைக்கும். பிக்-அப் அந்த அதிர்வைத் திரும்ப ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். அதனால் சுரம் அடங்காமல் நீண்டுகொண்டே போகும்.

பீட்டில்ஸ் குழுவின் ‘ஐ ஃபீல் ஃபைன்’ (1964) இப்படி ஒரு ஃபீட்பேக் ஒலியோடுதான் தொடங்குகிறது. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிடாரில் வாசித்தார். நடுநடுவே குண்டு விழுவது போன்ற ஓசைகள்! வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பலர் அதைப் போரின் குரலாகவே கேட்டார்கள்.

டேப் லூப்

1966 ஏப்ரலில் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பீட்டில்ஸின் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பதிவானது. பழைய ஒலியை அழிக்கும் ஹெட்டை வேலை செய்யாமல் செய்துவிட்டு, வீட்டு டேப் ரெக்கார்டரில் ஒலிமேல் ஒலியாகப் பதிந்தார் பால் மெக்கார்ட்னி. நாடாவின் இரு முனையையும் ஒட்டினால் வளையம். அது திரும்பத் திரும்ப ஓடும். அப்படி ஐந்து வளையங்கள் பாட்டில் சேர்ந்தன. நாடா தொய்யாமலிருக்க ஊழியர்கள் பென்சிலை நுழைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்! ஜான் லெனனின் குரலைச் சுழலும் ஸ்பீக்கர் வழியே அனுப்பினார்கள். பின்னணியில் நம்ம நாட்டுத் தம்புரா. இன்ஜினியர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது வயது 20. நம்ம சீனியர் மாதிரிதான்!

பிங்க் ஃபிளாய்ட் குழு காசு குலுங்குவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி ஒலி இவற்றை நாடாவில் வெட்டி ஒட்டி, ‘மணி’ (1973) பாட்டுக்கு ஏழு எண்ணிக்கைத் தாளமாக்கியது.

தப்பும் ஒரு பாடம்

போன வருஷம் லேபில் என் ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் தானாகவே ஆசிலேட் ஆனது. பயந்துபோய் பக்கத்துப் பையனின் ரீடிங்கைக் காப்பியடித்தேன். எங்க வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். தப்பு பண்ணிவிடக் கூடாதே என்ற பயம் எப்போதும் உண்டு. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் ஒன்று புரிந்தது. தப்பு தானாக இசையாகிவிடாது. எங்கே நின்றால், எந்தப் பக்கம் திரும்பினால் எந்த ஒலி வரும் என்று கிடார்காரர்கள் பழகிப் பழகித்தான் அதை வசப்படுத்தினார்கள். நான் அன்று ஸ்விட்சை அணைத்ததோடு சரி.

இனி சர்க்யூட் அலறினால், அணைக்கும் முன் ‘ஏன்?’ என்று ஒரு நிமிஷம் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள் நண்பர்களே!

– மூன்றாம் ஆண்டு, இ.சி.இ.